ரேனியஸ் ஐயருக்குச் சிலை வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுங்கள்

நம் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் பள்ளித் தாளாளர் அவர்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அறிவிப்பில் மூன்று செய்திகளை ஒரே மூச்சில் வாசித்தீர்கள். நம் ஆரம்பப் பள்ளியின் 200ஆம் ஆண்டை ஒட்டி, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயருக்குக் கோயில் (சர்ச்) வாசலில் சிலை வைக்கப்படும். அவருடைய ஊழியத்தைப் போற்றி ஒரு மலர் வெளியிடப்படும். போதிய மாணவர்கள் இல்லாததால் இந்தக் கல்வியாண்டோடு பள்ளி மூடப்பட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழும்பும். மூன்றாவதை வாசித்து முடிப்பதற்குள் காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. பை சுற்றி வந்தது. எல்லாரும் போட்டோம், நானும் போட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வெஸ்டிரியில், அதாவது கோயிலை ஒட்டிய அறையில், வந்து கேட்டேன். உங்களில் ஒருவர், என்னிடம் ஒன்றாம் வகுப்பில் ‘அ’ எழுதப் படித்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “நம்ம பிள்ளைய ஒண்ணுகூட அங்க படிக்கல்லியே டீச்சர். பின்ன ஆருக்காவ நாம மெனக்கெடணும்?”

மண்டபம் கட்டுவதில்கூட எனக்கு அத்தனை கோபம் இல்லை. ஊருக்கு ஒரு மண்டபம் வேண்டியதுதான். அந்த ‘நம்ம பிள்ளைய’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வேறு யாருக்கு வேண்டுமானாலும் சிலை வையுங்கள், ரேனியஸுக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் சிலை வைக்கப்போகும் ஆள் யார் என்று கொஞ்சம் பேசுவோம். மலரில் போடுவதற்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தீர்கள். இதையே கட்டுரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ல் தியோபிலஸ் எவால்ட் ரேனியஸ் 1790இல் பிரஷ்ய நாட்டில் ஒரு படை அதிகாரியின் வீட்டில் பிறந்தவர். 1814இல் சென்னையில் வந்து இறங்கினார். 1820 ஜூலையில் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838 ஜூனில் இங்கேயே மண்ணுக்குள் போனார். அப்போது அவருக்கு 47 வயது. வந்தவர் ஊர் திரும்பவே இல்லை. திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் படித்தார். படித்த தமிழை வைத்து இலக்கணம் எழுதினார், 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற புவியியல் நூல் எழுதினார், புதிய ஏற்பாட்டைப் புதிதாக மொழிபெயர்த்தார். பனையேறிக்கும் வண்டிக்காரனுக்கும் விளங்காத தமிழில் வேதம் இருந்து என்ன பயன் என்று நினைத்தவர் அவர். அந்த மொழிபெயர்ப்பில் சுதந்திரம் எடுத்துக்கொண்டார் என்று அன்றைக்கே சண்டை நடந்தது. அது தனிக் கதை.

பாளையங்கோட்டையில் ஊசிக் கோபுரம் என்று நாம் சொல்கிற கோயில் 1826இல் அவர் கட்டியது. அதை எல்லாரும் போய்ப் பார்க்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம். ஆனால் அவர் கட்டியதில் முக்கியமானது அந்தக் கோயில் இல்லை. நம்மைப் போன்ற ஊர்கள்தான்.

இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் தெரு வளைந்து நெளிந்து போகும். நம் ஊரில் மட்டும் நூல் பிடித்தாற்போல நேர்த்தெரு, நடுவில் கோயில், பக்கத்தில் பள்ளி, முன்னால் பொதுக் கிணறு. அன்றைக்கு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவனுக்குக் குடியிருந்த மனை சொந்தமில்லை. நிலக்காரன் நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசையைப் பிரித்துப் போடலாம். ஞாயிற்றுக்கிழமையும் கூலியில்லாத ஊழியத்துக்கு இழுத்துப் போவார்கள். ஜெபவீடுகளைக் கொளுத்திய ஊர்களும் உண்டு. அதனால்தான் ரேனியஸ் நிலத்தை விலைக்கு வாங்கிக் குடியேற்றினார். டோனாவூர் அப்படி வந்த ஊர். 1827இல் வாங்கிய நிலம், பணம் கொடுத்தவர் பிரஷ்யாவில் டோனா என்ற பிரபு, அவர் பேரே ஊருக்கு வந்தது. பிறகு 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்று தொடங்கினார். விரட்டப்பட்டவர்களுக்கு இடமும் வீடும் வாங்கிக் கொடுக்க, கோயிலும் பள்ளியும் கட்டித்தர. காசு வெளிநாட்டிலிருந்து மட்டும் வரவில்லை. இங்கே உள்ள ஜனங்களும் போட்டார்கள். நம் வீடுகளில் இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்கிறோமே, அந்த மாதிரி ஏழை வீட்டிலிருந்து வருகிற கொடைதான் இந்த மண்ணின் பள்ளிகளைத் தூக்கி நிறுத்தியது.

அதாவது, யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத இடம் வேண்டும் என்பதற்காக வாங்கிய மண் இது. இதிலிருந்துதான் 23 பிள்ளைகளை வெளியே போகச் சொல்கிறீர்கள்.

இன்னொரு கதை. இதை நான் ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வேன், உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். பாளையங்கோட்டையில் ரேனியஸ், ஊர்ச் சபைகளில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசிமாரையும் வாத்தியார்களையும் பயிற்றுவிக்க ஒரு செமினரி நடத்தினார். விடுதியில் ஒரே சமையல், ஒரே பந்தி. வேளாளப் பிள்ளைகள் நாடார் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்றார்கள். தனி அடுப்பு கேட்டார்கள். வேறு பல மிஷனரிகள் அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் வளைந்து கொடுத்தார்கள். பள்ளி நடந்தால் போதும், சாதி மெல்லப் போகும் என்று. ரேனியஸ் கொடுக்கவில்லை. பையன்கள் வெளியேறினார்கள். போகட்டும் என்று பள்ளியையே கலைத்துவிட்டு, சேர்ந்து சாப்பிடச் சம்மதித்தவர்களை வைத்து மறுபடி தொடங்கினார்.

எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியை மூடியவர் அல்ல அவர். பந்தி பிரியக்கூடாது என்று எண்ணிக்கையை விட்டுக்கொடுத்தவர்.

அன்று யாரோடு உட்கார மாட்டோம் என்று எழுந்து போனார்களோ, அவர்கள் வழி வந்தவர்கள்தான் நாம், நானும் நீங்களும். நம் தாத்தாமாருக்காக ஒரு மனிதர் தன் செமினரியைக் கலைத்தார். இன்றைக்கு நம் பள்ளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்து ‘நம்ம பிள்ளை இல்லை’ என்கிறோம்.

யார் அந்தப் பிள்ளைகள்? 17 பேர் காலனியிலிருந்து வருகிறார்கள். 4 பேர் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள். மீதி 2 பேர் நம் சபைப் பிள்ளைகள்தான். நடுத்தெருவில் பீடி சுற்றுகிற அந்த அம்மாவின் பேரனும் பேத்தியும். ‘ஒண்ணுகூட இல்லை’ என்றபோது அந்த இரண்டும் உங்கள் கணக்கில் வரவில்லை. சங்கக் காணிக்கை எழுதும்போது மட்டும் அந்த வீட்டுப் பேர் மறப்பதில்லை.

எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மலரில் அது வராது. 2019இல் நான் ஓய்வு பெற்றபோது 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். என் இடத்தை நிரப்ப மூன்று வருடம் யாரும் மெனக்கெடவில்லை. அரசு உதவி பெறும் பள்ளி, சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. நிர்வாகம் செய்ய வேண்டியது ஆளைத் தேர்ந்தெடுத்து ஒப்புதலுக்கு அனுப்புவதுதான். அனுப்பவில்லை. ஐந்து வகுப்பை ஒரே டீச்சர் பார்த்தார். அவர் கூட்டத்துக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் ஐந்தாம் வகுப்புப் பெரியவள் ஒருத்தி ஒன்றாம் வகுப்பை மேய்ப்பாள். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள். எண்ணிக்கை இறங்கியது. இறங்கியதும், இத்தனை பேருக்கு இரண்டாவது ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி வந்தது. பிறகு, ஓராசிரியர் பள்ளியில் யார் சேர்ப்பார்கள் என்ற கேள்வி. தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டு, மரம் பட்டுப்போச்சு, வெட்டலாமா என்று கேட்கிறோம்.

போன நவம்பர் மழையில் ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வகுப்பு மூலையில் நான்கு ஓடு இல்லை. அதற்கு நேர் கீழே ஒரு பெயிண்ட் வாளி. அந்த மூலைக்குப் பிள்ளைகள் ‘குளம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். மழை இருட்டினால் டீச்சர் சொல்லவே வேண்டாம். பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டு, கரும்பலகையை ஒரு பழைய சாக்கால் மூடிவிட்டு, வாளியைச் சரியாக நடு ஒழுக்குக்குக் கீழே நகர்த்துகிறான் ஒரு ஒடிசாப் பையன். ஏழு வயது. வாளி நிரம்பியதும் வெளியே கொண்டுபோய்த் தண்டவாளத் துண்டு மணி தொங்குகிற வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு வருகிறான். அப்புறம் உட்கார்ந்து தமிழில் ‘மழை’ என்று எழுதினான். ‘ழ’ தலைகீழாக இருந்தது. நான் திருத்திக் கொடுத்தேன், பழக்கதோஷம்.

அந்த நான்கு ஓட்டுக்கு மூன்று வருடமாகக் கமிட்டியில் தீர்மானம் இல்லை. சிலைக்கு 4 லட்சம் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது.

2024 ஜூலையிலிருந்து கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலைச் சிற்றுண்டி வந்துவிட்டது. எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ரவை கிச்சடி, சாம்பார். காலனிப் பிள்ளை, சூளைப் பிள்ளை, நடுத்தெருப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறது. வருடத்துக்கு ஒரு நாள் அசனத்தில், சபையின் பொது விருந்தில், நாம் செய்வதை அவர்கள் தினமும் செய்கிறார்கள். ரேனியஸ் கேட்ட பந்தி இதுதானே. வேறு எங்கே போய் அவருக்குச் சிலை தேடுகிறோம்?

பள்ளியை மூடினால் இவர்களுக்கு அடுத்த ஆரம்பப் பள்ளி 3 கிலோமீட்டர். இடையில் நான்குவழிச் சாலை. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்ட விதி. ‘அது அரசாங்கத்தோட பாடு’ என்று சொல்லிவிடலாம்தான். அரசாங்கம் இந்தப் பக்கம் பள்ளி கட்டாததற்குக் காரணமே நம் பள்ளி இங்கே இருக்கிறது என்பதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் பேரிலும் குற்றம் உண்டு. என் இரண்டு பிள்ளைகளையும் நான் வேனில்தான் ஏற்றினேன். பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தேன். 31 வருடம் இந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் பிள்ளைக்கு இது போதாது என்று நினைத்த டீச்சர் நான். யாரும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. ஆகவே உங்கள் மேல் கல்லெறிகிற தகுதி எனக்கு இருக்கிறது என்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்கிற கடமை இருக்கிறது.

என் ஆச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாத்தா உபதேசியார். வாத்தியார் வேலையும் அவரே. 42 வயதில் காய்ச்சலில் போய்விட்டார். ஆச்சிக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு பசு, ஓலை வீடு. மாதாமாதம் விதவைச் சகாய நிதியிலிருந்து ஒரு சின்னத் தொகை வரும். தபால்காரர் வருகிற நாளில் ஆச்சி நல்ல சேலை உடுத்தித் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள் என்று அப்பா சொல்வார். பிச்சை வாங்குகிற முகம் இல்லை அது, அவள் புருஷன் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய பணம். அந்த நிதி 1834இல் ரேனியஸ் தொடங்கியது. உபதேசிமாரும் வாத்தியார்களும் உயிரோடு இருக்கும்போது மாதம் கொஞ்சம் போட வேண்டும், செத்தால் பெண்டாட்டி யார் வாசலிலும் நிற்கக்கூடாது என்ற ஏற்பாடு. ஆயுள் காப்பீடு என்ற பேச்சே நம் பக்கம் இல்லாத காலம். விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டியவள் என்றிருந்த ஊரில் அவளுக்கு மாதப் பணத்துக்கு உரிமை என்று எழுதி வைத்தார். அவர் மனைவி ஆன், உடன் ஊழியர் ஷ்மிட், ஷ்மிட்டின் மனைவி எல்லாரும் சேர்ந்து பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த பாடும் அதே காலத்தில்தான். அந்தப் பிள்ளைகளின் பேத்தி வழியில்தான் நான் டீச்சர் ஆனேன். எனக்கு இந்த ஆளைப் பற்றிப் பேச உரிமை இருக்கிறது.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. மதம் மாற்ற வந்தவர்தான், அதை மறைத்ததும் இல்லை. பிடிவாதக்காரர். தன்னை அனுப்பி, சம்பளமும் கொடுத்த இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கத்தின் சபை ஒழுங்கையே அச்சில் விமர்சித்து எழுதினார். கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்னும் பத்து வருடம் வேலை செய்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். பனங்காட்டுக்குள்ளே ஊர் ஊராக அலைந்து சபைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் உபதேசிமாருக்கு லுத்தரன் முறைப்படி மிஷனரிகள் தாங்களே குருப்பட்டம் கொடுக்கலாம் என்றார் ரேனியஸ். இங்கிலாந்துச் சபையின் அத்தியட்சர்தான் (பிஷப்) கொடுக்க வேண்டும் என்றது சங்கம். இரண்டு பக்கமும் இறங்கவில்லை. 1835இல் சங்கம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. தான் உண்டாக்கிய ஊர்களை விட்டு ஆற்காட்டுக்குப் போனார்.

தீர்மானம் போட்டவர்கள் யார்? கமிட்டி. நீங்கள் சிலை வைக்கப்போவது ஒரு கமிட்டித் தீர்மானத்தால் ஊரை விட்டுப் போனவருக்கு.

அப்புறம் நடந்ததையும் மறந்துவிடாதீர்கள். இங்கிருந்த உபதேசிமார் பலர் சும்மா இருக்கவில்லை. திரும்பி வாருங்கள் என்று அவருக்கு எழுதினார்கள். சில மாதத்தில் திரும்பி வந்தார். இரண்டரை வருடம் சங்கத்தின் பணமில்லாமல் ஊழியம் செய்து, பாளையங்கோட்டையிலேயே செத்தார். கல்லறை அங்கேயே அடைக்கலபுரத்தில் இருக்கிறது. பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லாத கல்லறை. அதற்கு ஒரு தரமாவது போயிருக்கிறீர்களா? கமிட்டிக்கு எதிராகக் கடிதம் எழுதுவது நம் ஊர்களில் புதுப் பழக்கம் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி நான் கேட்பவை.

பள்ளியை மூடும் தீர்மானத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே ரத்து செய்ய வேண்டும். மூடுவதற்கான விண்ணப்பம் கல்வி அலுவலகத்துக்கு ஏற்கெனவே போயிருந்தால் அதைத் திரும்பப் பெற்று, திரும்பப் பெற்ற கடிதத்தின் நகலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

சிலைக்கு ஒதுக்கிய 4 லட்சத்தில் முதலில் கூரையை மாற்றுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் முடிய வேண்டும். மிச்சத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கதவு மூடுகிற கழிப்பறை ஒன்று. அதற்கும் மேல் மிஞ்சினால் தாராளமாகச் சிலை வையுங்கள், மார்பளவு எதற்கு, முழு உருவமே வையுங்கள்.

காலியாக விடப்பட்ட ஆசிரியர் இடத்துக்கு நிர்வாகம் என்றைக்கு, எந்த அலுவலகத்துக்கு எழுதியது என்பதைச் சபையாருக்குக் காட்ட வேண்டும். எழுதவில்லை என்றால் அதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும். அரசு ஒப்புதல் வரும்வரை வாரம் நான்கு நாள் நான் வந்து இரண்டாம், மூன்றாம் வகுப்பைப் பார்க்கிறேன். சம்பளம் வேண்டாம், மதியம் சாப்பாடு பிள்ளைகளோடு.

மே மாதம் சேர்க்கைக்காகக் காலனிக்கும் சூளைக்கும் வீடு வீடாகப் போக வேண்டும். கமிட்டி உறுப்பினர்கள் 9 பேரும் வர வேண்டும். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுப் போன அதே வேகத்தில் போனால் ஒரு மாலையில் முடிந்துவிடும். மண்டபம் கட்டியே தீர வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்துக்குத் தெற்கே உடைமரம் மண்டிக் கிடக்கும் இடத்தை அளந்து பாருங்கள்.

கடைசியாக, வெஸ்டிரியில் ‘நம்ம பிள்ளைய’ என்று சொன்னவர் ஒரு நாள் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கு வந்து அந்த வரிசையில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட வேண்டும். இது தண்டனை இல்லை, அழைப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் முழுவதுமாக வாசித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். இல்லை என்று எழுதுகிறவர் பேரையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் முன்னாள் தலைமை ஆசிரியை